வியர்க்கத் தெரியாத உயிர்கள்

கினி பிக்குக்கு வியர்க்காது. நாய் மாதிரி நாக்கைத் தொங்கப்போட்டு உடம்பை ஆற்றிக்கொள்ளவும் அதற்கு வராது. அது வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது என்றால் காரியம் கைமீறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது, பங்குனி வெயில் எங்கள் வீட்டு மொட்டைமாடியைக் காய்ச்சத் தொடங்கிய பிறகுதான். அதற்குள் இரண்டு கினி பிக்குகள் எங்களோடு ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டிருந்தன.

மார்கழியில் வேலூரில் ஒரு கடையில் வாங்கினோம். என்ன புல் போடலாம், கொய்யாப்பழம் எவ்வளவு கொடுக்கலாம் என்றெல்லாம் கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். வெயிலைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் ஸ்வெட்டர் போட்டிருந்தோம். மகள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். பெயர் வைத்தால் பிறகு மாற்றத் தோன்றும் என்று சொல்லி, கறுப்பு, பழுப்பு என்றே கூப்பிட்டாள். கறுப்புக்கு நீளமான முடி, கண்ணை மறைத்துக்கொண்டு விழும். பழுப்பு ஒல்லி, பயந்த சுபாவம், பிரஷர் குக்கர் விசிலுக்கே புல்லுக்குள் புகுந்துகொள்ளும். நான் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுப்பவள். எதையும் சரிபார்க்கும் பழக்கத்தில் அகராதியைப் புரட்டியபோது கினி பிக்குக்கு ‘சீமைப் பெருச்சாளி’ என்று போட்டிருந்தது. அதை மகளிடம் சொல்லவில்லை.

எங்கள் வீடு செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு மாடிப் போர்ஷன். வாடகை வீடு. தலைக்கு மேலே நேராக மொட்டைமாடி. ஜன்னலைத் திறந்தால் மலை. பகலெல்லாம் பாறை வாங்கி வைத்த சூடு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல் வீட்டுக்குள் வரும். சுவரைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி இருக்கும். ஏசி போடலாம் என்றால் வீட்டு வயரிங் தாங்காது என்று கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்.

பங்குனி பாதியில் ஒருநாள் மதியம் கறுப்பு தரையோடு தரையாகக் கிடந்ததைப் பார்த்தேன். போனில் தேடிப் பக்கம் பக்கமாகப் படித்தேன். மனிதர்கள் ‘கொஞ்சம் புழுக்கமா இருக்கே’ என்று சொல்லும் சூட்டிலேயே இவற்றுக்கு ஆபத்து ஆரம்பித்துவிடுகிறது. எங்கள் ஊரில் அந்தச் சூடு காலையில் பல் தேய்க்கும்போதே வந்துவிடும். அன்று முதல் பள்ளி நேரம் போக எனக்கு வேறு வேலை இல்லை. காலையில் கூண்டு மேற்கு அறையில், வெயில் அங்கே வந்ததும் சமையலறை ஓரத்தில், சாயங்காலம் குளியலறை வாசலில். தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் உறைய வைத்து, கணவரின் பழைய சாக்ஸில் போட்டு, கூண்டுக்குள் வைப்போம். அவை அதன்மேல் முதுகைச் சாய்த்துப் படுத்துக்கொள்ளும். நடுவே நடுவே நான் போய் காதைத் தொட்டுப் பார்ப்பேன். கினி பிக்கின் காது மெல்லிய வெற்றிலை மாதிரி இருக்கும், உடம்பில் சூடு ஏறினால் முதலில் அங்கே தெரியும்.

வீட்டுக்கார அம்மாவுக்கு இது நல்ல வேடிக்கை. மாடிப்படியில் ஐஸ் பாட்டிலோடு என்னைப் பார்த்தால் விடமாட்டார்.

“இன்னா டீச்சரம்மா, எலிக்கு தலைச்சன் பிரசவமா? இவ்ளோ தாங்கறீங்க.”

அவர் வீட்டுத் தரைதளம் எங்கள் வீட்டைவிடக் கண்டிப்பாகக் கொஞ்சம் குளிர்ச்சி. பகலில் மட்டும் கூண்டைக் கீழே கூடத்தின் ஓரம் வைக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். சாமி படம் இருக்கிற இடத்தில் எலி ஜாதி ஆகாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். பள்ளிக்கு விடுமுறை விட்டதும் நானும் மகளும் பகல் முழுக்கக் கூண்டோடு கிடந்தோம்.

கத்திரி பிறந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கினால் பெரிய கோயிலில் தாராபிஷேகம் நடக்கும். லிங்கத்துக்கு மேலே ஒரு பாத்திரத்தைத் தொங்கவிட்டு, அதன் அடித் துளை வழியாக நீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும்படி செய்வார்கள். கத்திரி முடியும்வரை அது நிற்காது. கணவர் வருவாய்த் துறையில் வேலை பார்ப்பவர். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குத் தினமும் ஸ்கூட்டரில் போய் வருவார். கத்திரி தொடங்கிய நாளில் மகளை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனவர், திரும்பும்போது கையில் ஒரு சின்ன மண் கலயத்தோடு வந்தார். அடியில் துளை போட்டு, பழைய வேட்டியிலிருந்து கிழித்த திரியை அதில் செருகினார். எங்கள் கூடத்துக் கூரையில் மகளுக்குத் தொட்டில் கட்டிய கொக்கி இன்னும் இருந்தது. அதில் கலயத்தைக் கட்டி, நேர் கீழே கூண்டை வைத்து, கூண்டின்மேல் ஒரு கோணிச் சாக்கைப் போர்த்தினார். சொட்டு சாக்கின்மேல் விழும், சாக்கு நனைந்துகொண்டே இருக்கும்.

“சாமிக்கே சூடு தாங்கலன்னு தண்ணி விடறாங்க. இதுங்களுக்கு விடக் கூடாதா?” என்றார்.

மகள் கைதட்டினாள். எனக்கும் அது பிடித்தது. பொய்யாகவும் போகவில்லை. இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்திருக்க, மின்விசிறி ஓட, ஈரச் சாக்கைத் தாண்டி வந்த காற்று கூண்டுக்குள் ஜிலுஜிலு என்று இருந்தது. காதைத் தொட்டேன், சூடு இல்லை. கத்திரியின் முதல் நாள்களில் மதியம் நான் கண்ணயர்ந்துகூடப் போனேன்.

அந்த வருஷம் சித்ரா பௌர்ணமி கத்திரிக்கு நடுவில் வந்தது. பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குப் பௌர்ணமி என்றால் தனிப் பழக்கங்கள் உண்டு. ரோட்டுப் பக்கத்து ஜன்னல்களைத் தாழ் போட்டுவிடுவோம், மாடிப்படிக் கதவைப் பூட்டிவிடுவோம். நடந்து களைத்தவர்கள் எந்தப் படி கண்ணில் பட்டாலும் ஏறிவிடுவார்கள். பாத்ரூம் கேட்பார்கள், தண்ணீர் கேட்பார்கள், படியிலேயே துண்டை விரித்துப் படுப்பார்கள். ஒருமுறை படியை ஒட்டிய ஜன்னலோரம் சார்ஜில் போட்டிருந்த போன் போய்விட்டது. அதனால் பௌர்ணமி அன்று பூட்டுவது எங்களுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. யோசித்துச் செய்வதல்ல.

அன்றைக்கு எங்கள் தெருக்காரர்கள் எல்லாம் சேர்ந்து மோர்ப் பந்தல் போட்டிருந்தோம். கணவருக்குத் தற்காலிக பஸ் நிலையத்தில் பௌர்ணமி டியூட்டி, விடியும்போதே போய்விட்டார். நானும் மகளும் கலயத்தை நிரப்பினோம். ஐஸ் பாட்டிலை மாற்றினோம். மின்விசிறியை வேகமாக வைத்தோம். ஜன்னல்களைத் தாழ் போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கினோம். மேலே மின்விசிறி ஓடுகிறது என்ற தைரியம்.

மதியத்துக்கு முன்பே கூட்டம் ஏறிவிட்டது. வெயிலில் நடந்து வருபவர்களுக்கு டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தோம். பந்தலில் மைக் செட் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் நிற்பவர்களுக்கு ஃபேனும் இல்லை, லைட்டும் இல்லை. அதனால் எங்கள் பகுதியில் கரண்ட் போனது யாருக்கும் தெரியவில்லை. அது எப்போது போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் முகம் தெரியாதவர்களிடம் ‘இன்னும் ஒரு டம்ளர் குடிங்க, நல்ல வெயில்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாட்டிலை மாற்ற மகள் மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் படியில் வந்து நின்று, சாதாரணமான குரலில், “அம்மா, மேல வா” என்றாள். அந்தக் குரல் சாதாரணமாக இருந்ததுதான் என்னைப் பயப்படுத்தியது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கதவைத் தாண்டியதும் இட்லிப் பானையைத் திறந்தது மாதிரி முகத்தில் அடித்தது. அசையாத மின்விசிறி. மூடிய ஜன்னல்கள். கலயத்திலிருந்து சொட்டு, அது பாட்டுக்கு, நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. சாக்கு ஊறி, புல் ஊறி, கூண்டுக்குள் வெந்நீர் வாடை. கறுப்பு ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மோவாய் முடியெல்லாம் எச்சில். பழுப்பு பின்னங்கால்களை நீட்டி, வயிற்றைத் தரையில் பரத்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதன் விலாப்பக்கம் அடித்துக்கொண்ட வேகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் தண்ணீரை எடுத்தேன். மகள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

“ஊத்தாதம்மா. திடீர்னு குளுந்தா இதயம் நின்னுடும்.”

அவள் குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து காதுகளையும் பாதங்களையும் துடைக்க ஆரம்பித்தாள். நான் ஜன்னல்களை எல்லாம் திறந்தேன். வெளியே இருந்து வந்ததும் அனல்தான், ஆனாலும் அது நகர்கிற அனல். தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் கிளினிக் வைத்திருக்கும் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். நல்ல வேளை, எடுத்தார். தண்ணீரில் முக்க வேண்டாம், துடைத்துக்கொண்டே உடனே கொண்டு வாருங்கள் என்றார்.

காய்கறி வாங்கும் பிரம்புக் கூடையில் ஈரத் துண்டை விரித்து, சாக்ஸில் போட்ட ஐஸ் பாட்டிலை ஓரமாக வைத்து, இரண்டையும் படுக்க வைத்தோம். கணவருக்குப் போன் அடித்தேன், அந்த இரைச்சலில் அவர் எடுக்கவில்லை. என் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனால் தடுப்புக் கட்டை. பௌர்ணமி அன்று பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் போனேன். அங்கே நின்ற போலீஸ்காரர் சட்டையெல்லாம் நனைந்து போயிருந்தார். கூடையை எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. ஆனால், “இந்தக் கூட்டத்துல வண்டிய எப்டிம்மா விடறது? கொழந்தைங்க நடக்குது பாருங்க,” என்றார். அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் எனக்கு அழுகை வந்தது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்தோம்.

கிரிவலம் ஊரிலிருந்து புறப்பட்டு எங்கள் பக்கமாகத்தான் வரும். மலையை வலப்பக்கம் வைத்து நடப்பார்கள். எதிர்த்திசையில் யாரும் நடப்பதில்லை. நாங்கள் ஊருக்குள் போக வேண்டுமென்றால் வருகிற கூட்டத்துக்கு நேர் எதிரே போக வேண்டும். முகம் முகமாக, தோள் தோளாக மோதிக்கொண்டு வந்தார்கள். நான் கூடையை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். மகள் ஒரு கையால் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துணியைக் காதுகளில் ஒற்றிக்கொண்டே வந்தாள். லாரியில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். தார் ரோட்டிலிருந்து ஆவி எழும்பியது.

“அம்மா, எதிர்சுத்து சுத்தாதீங்க. குடும்பத்துக்கு ஆவாது,” என்று ஒருவர் அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர் கூடையைப் பார்த்துப் பிரசாதம் என்று நினைத்துக் கையை நீட்டினார். வாலிபப் பையன்கள் முயலா எலியா என்று பந்தயம் கட்டினார்கள். எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. கூட்டத்தில் ஒருவர் நின்றாலும் பின்னால் வருபவர்கள் நிற்க வேண்டும், அதனால் நாங்களும் நிற்க வேண்டும் என்பதுதான் மனதில் ஓடியது. கூடைக்குள் குனிந்து பார்க்கப் பயமாக இருந்தது.

கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு எதிரே வந்த ஒரு பெண்மணி எங்களைக் கடந்து போனார். போனவர் திரும்பி வந்தார். வயது என்னைவிட ஜாஸ்தி இருக்கும், நெற்றி நிறைய விபூதி. குடையைக் கூடைக்கு மேலே பிடித்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து வருகிறாராம். நீங்கள் திரும்பி நடந்தால் உங்கள் வலம் கெட்டுப் போகுமே என்றேன்.

“மலை எங்கியும் போவாது. நீ நட,” என்றார்.

தேரடித் தெரு முனைவரை குடை கூடவே வந்தது. சந்துக்குள் திரும்பும்போது பார்த்தேன், அவர் கூட்டத்தில் கலந்துவிட்டார். நன்றி சொல்லவில்லை. அப்போது அது தோன்றவேயில்லை.

மருத்துவர் கூடையிலிருந்து முதலில் கறுப்பைத் தூக்கினார். கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் விரலை வைத்தார், மேஜையின் அந்த ஓரத்தில் ஒரு துணியின்மேல் வைத்துவிட்டுப் பழுப்பை எடுத்தார். சூடு பார்த்தார். தோலுக்கு அடியில் திரவம் ஏற்றினார். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீரை எடுத்து வாயோரம் துளித்துளியாக விட்டார். மகள் மேஜையின் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுக்குப் பாக்கலயா சார்?”

“அது வழியிலயே போயிருச்சும்மா.”

அவள் தலையை ஆட்டினாள். டீச்சர் விடையைத் திருத்திச் சொன்னால் பிள்ளைகள் ஆட்டுவார்களே, அப்படி.

பழுப்பின் மூச்சு கொஞ்சம் நிதானப்பட்ட பிறகு கூண்டை எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். கலயத்தைப் பற்றிச் சொன்னேன். பூட்டிய ஜன்னல்களைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. காற்று ஓடினால் அந்த ஈரம் நல்லதுதான், மூடிய அறையில் மின்விசிறியும் நின்றுவிட்டால் அதுவே வேக வைத்துவிடும் என்றார். பழுப்பு பிழைக்கலாம். ஆனால் உள்ளே எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது, இன்னொரு முறை இப்படி ஆனால் தாங்காது. கத்திரி இன்னும் பாதி பாக்கி இருந்தது.

சாயங்காலம் நாங்கள் பழுப்போடு வீடு திரும்பிய பிறகு கணவர் ஓடி வந்தார். போன் பார்த்ததும் யாரிடமோ சொல்லிவிட்டு நடந்தே வந்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார். கலயம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற எனக்கும் மகளுக்கும் தோன்றியிருக்கவில்லை.

“ஏம்பா அத மாட்டுன?” என்றாள் மகள்.

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கலயத்தை அவிழ்த்தார். ஜன்னலைப் பூட்டியது நான் என்று மகளிடம் சொன்னேன். அப்பா நல்லதுக்குத்தான் செய்தார் என்றேன்.

“தெரியும். நீ பூட்டின, அவர் மாட்டினாரு, நான் பாட்டில் மாத்த லேட்டா போனேன். எல்லாரும் சேந்துதான்மா கொன்னோம்.”

வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கறுப்பைப் புதைத்தோம். குழியை அவர் வெட்டினார். மகள் தள்ளி நின்றாள். அன்றிலிருந்து அப்பாவிடம் பேசுவதை விட்டுவிட்டாள். சாப்பாடு எடுத்து வைப்பாள், கேட்ட பொருளைக் கொண்டுவந்து கொடுப்பாள், வாயைத் திறக்கமாட்டாள். அவர் ஆபீசிலிருந்து வந்ததும் கூண்டுக்குத் தூரத்திலேயே உட்கார்ந்துகொள்வார். கிட்டே போனால் ஏதாவது ஆகிவிடும் என்பது போல.

பழுப்பு மூன்றாம் நாள்தான் ஒரு புல்லைக் கடித்தது. அதுவரை சிரிஞ்சில் கூழ். அதற்குப் பிறகு வந்த நாள்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்றும் நடக்காத நாள்கள்தான். ஆனால் நான் அப்படிப் பயந்துகொண்டு வாழ்ந்ததில்லை. மின்விசிறியின் சத்தம் கொஞ்சம் குறைந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கூண்டுக்கு ஓடுவேன். கரண்ட் போனால் நானும் மகளும் ஆளுக்கொரு விசிறி மட்டையை எடுத்துக்கொண்டு கூண்டின் இரு பக்கமும் உட்கார்ந்துவிடுவோம். கடைக்குப் போவதில்லை. விசேஷங்களுக்குப் போவதில்லை. ஓர் உறவுக்காரக் கல்யாணத்துக்கு வராததற்கு எலியைக் காரணம் சொன்னேன் என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். மகளுக்கு இன்னொரு சாவைக் கொடுத்துவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

வீட்டுக்கார அம்மா ஒருநாள் தானே மாடிக்கு வந்தார். மகளைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார். “கீழ கொண்டாந்து வையேன். சாமி படத்துப் பக்கம் மட்டும் வேணாம்,” என்றார். கீழே கொண்டு போய் வைத்தோம். கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். வைகாசி பிறந்தும் வெயில் இறங்கவில்லை, கீழ் வீட்டிலும் தரை சுட ஆரம்பித்தது.

என் தங்கை பெங்களூருவில் இருக்கிறாள். அங்கே மழை ஆரம்பித்துவிட்டது, ராத்திரி போர்வை வேண்டியிருக்கிறது என்று போனில் சொன்னாள். பழுப்பை அங்கே அனுப்பலாமா என்று நான் ஆரம்பித்ததுமே மகள் எழுந்து போய்விட்டாள். இருப்பதையும் பிடுங்குகிறாயா என்று அவள் கேட்கவில்லை, முதுகு கேட்டது. எனக்கும் பயம் இருந்தது. பஸ்ஸில் அவ்வளவு தூரம், வழியில் எங்காவது வெயிலில் நின்றுவிட்டால்? இங்கே வைத்திருப்பதும் கொலை, அனுப்புவதும் கொலை என்று எனக்குத் தோன்றிய நாள்கள் அவை.

பிறகு ஒரு மதியம் கரண்ட் போய் வரவேயில்லை. எங்கேயோ டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். விசிறி விசிறிக் கை ஓய்ந்தது. ஃப்ரீசரில் பாட்டில்கள் உருகிவிட்டன. வீட்டுக்கார அம்மா தெருவெல்லாம் அலைந்து எந்தக் கடையிலோ ஒரு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தார். பழுப்பு தரையோடு பரந்து படுத்தது. காதைத் தொட்டேன், சுட்டது. வாய் திறக்கப் போகிறதா என்று அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். திறந்தால் முடிந்தது. மகள் துணியை நனைத்துப் பிழிந்து, நனைத்துப் பிழிந்து, துடைத்துக்கொண்டேயிருந்தாள். அவள் விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. புழுதிக் காற்று அடித்தது, பிறகு மழை. கோடை மழை, பெரிய பெரிய துளிகள். வாசற்கதவு வழியாக ஈரக் காற்று உள்ளே புகுந்ததும் பழுப்பு தலையைத் தூக்கியது.

மகள் துணியைக் கீழே வைத்தாள்.

“சித்தி வீட்டுக்கு அனுப்பிடலாம்மா. என்னால இத மறுபடி பாக்க முடியாது.”

மழை பெய்த குளிர் இருக்கும்போதே அனுப்ப வேண்டும். விடியற்காலை முதல் பஸ்ஸில் போனால் வெயில் ஏறுவதற்குள் கிருஷ்ணகிரி தாண்டி குளிர்ச்சியான மேட்டுப் பக்கம் ஏறிவிடலாம். நான் கிளம்புவதாக இருந்தது, பையில் துணிகூட எடுத்து வைத்துவிட்டேன். இருட்டு விலகாத நேரத்தில் மகள் கூண்டைத் தயார் செய்தாள். புல், வெள்ளரிக்காய்த் துண்டு, ஈரத் துணி. எல்லாம் முடித்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பாவிடம் போய் நின்றாள்.

“அப்பா, நீ எடுத்துட்டுப் போ.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டையை எடுத்து மாட்டினார். பஸ் நிலையத்தில் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வலது பக்க சீட் வேண்டாம், வெயில் அந்தப் பக்கம்தான் விழும். பஸ் நின்றால் உடனே இறங்கி நிழலில் நில். இஞ்சின் பக்கம் வைக்காதே. காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இரு. அவர் எல்லாவற்றுக்கும் ‘சரிம்மா, சரிம்மா’ என்றார். காது எப்படி இருந்தால் பயப்பட வேண்டும் என்று ஒருமுறை கேட்டார். அவள் அவருடைய விரலைப் பிடித்து, கூண்டுக்குள் விட்டு, பழுப்பின் காதில் வைத்தாள். “இப்ப இருக்கற மாதிரி இருந்தா பயமில்ல,” என்றாள். பஸ் கிளம்பியது.

திரும்பி வந்து நானும் அவளும் கூடத்தில் உட்கார்ந்தோம். போன் நடுவில் கிடந்தது. செங்கம் தாண்டியதும் அவர் ஒருமுறை பேசினார். கிருஷ்ணகிரியில் ஒருமுறை. அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை. நான் அடித்தால் கிடைக்கவில்லை. வெளியே வெயில் ஏற ஏற, மழை பெய்த ஈரமெல்லாம் புழுக்கமாக மாறிக்கொண்டிருந்தது. சமையல் செய்யவில்லை. அவள் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள், கண் மூடவில்லை.

போன் அடித்ததும் அவள்தான் எடுத்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

“வந்து சேந்துட்டோம்மா. உன் சித்தி புல்லு வெச்சா. சாப்பிடுது.”

“நெஜமா சாப்பிடுதா?”

“நெஜமா.”

அவள் போனைக் கீழே வைத்தாள். கறுப்பு போன நாளிலிருந்து அவள் அழவேயில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேப்பமரத்தடிக்குப் போகலாமா என்று கேட்டாள். போனோம். வெயிலில் மண் வெடித்துக் கிடந்தது. அவள் உட்கார்ந்து, வெகுநேரம், கறுப்புக்காக அழுதாள். வெயில் அவள் முதுகில் விழாமல் நான் நின்றுகொண்டேன். உள்ளே வா என்று சொல்லவில்லை.